டிவி பாட்டுப் போட்டிக்குத் தேர்வான பிள்ளை: செட்டுக்குள் என்ன நடக்கும், வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்

கேள்வி இதுதான்: பதினொரு வயது மகள், ஐந்து வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். தொலைக்காட்சியில் நடக்கும் குழந்தைகள் பாட்டுப் போட்டி ஒன்றின் முதல் தேர்வில் தேறிவிட்டாள். உள்ளே போனால் வாழ்க்கை எப்படி இருக்கும், அனுப்பலாமா, எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

அனுப்பலாம். ஆனால் அவள் போவது சங்கீதப் போட்டிக்கு மட்டுமல்ல, ஒரு டிவி நிகழ்ச்சியின் படப்பிடிப்புக்கும் சேர்த்துத்தான். பாடுவது இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்துக்காக நாள் முழுக்கக் காத்திருப்பதும், அதற்கு முன்னால் ஒரு வாரம் உழைப்பதும்தான் போட்டியாளர் வாழ்க்கை. 2006இல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் தொடங்கியதிலிருந்து இன்றைய ஜீ தமிழ் சரிகமப வரை, மேடை அலங்காரமும் நடுவர்களும் மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. குரலில் குறை இருந்து வெளியேறும் பிள்ளைகளைவிட, காத்திருப்பில் களைத்துப்போய்த் தடுமாறும் பிள்ளைகளே அதிகம். அதைத் தடுப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்த சுற்றுத் தேர்வு எப்படி இருக்கும் என்று முதலில் சொல்கிறேன். முதல் சுற்றைப் போலவே டோக்கன், வரிசை, காத்திருப்பு எல்லாம் உண்டு. பெரிய நடுவர்கள் இருக்கமாட்டார்கள். நிகழ்ச்சியின் இசைக் குழுவினரும் குரல் பயிற்சியாளரும்தான் கேட்பார்கள். கரோக்கி வேண்டாம் என்பார்கள். பல்லவி முடியும் முன்பே ‘போதும், வேற பாட்டு’ என்று நிறுத்துவார்கள். அதைக் கேட்டு முகம் வாடும் பிள்ளை அடுத்த பாட்டைத் தளர்ந்து தொடங்கும். நிறுத்தினால் அடுத்ததைக் கேட்க ஆசைப்படுகிறார்கள் என்று முன்பே சொல்லி வையுங்கள், பெரும்பாலும் அதுதான் உண்மையும்கூட. ஸ்ருதிப் பெட்டி இல்லாமல், பேசிக்கொண்டிருக்கும்போதே சரியான ஸ்ருதியில் பாட்டைப் பிடிக்கும் பயிற்சி இப்போதே தொடங்க வேண்டும். பதற்றத்தில் பிள்ளைகள் வழக்கத்தைவிட அரைக்கட்டை, ஒரு கட்டை (கட்டை என்பது ஸ்ருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) மேலே எடுத்துவிடுவார்கள். பல்லவி இனிமையாகப் போகும், சரணத்தின் உச்சியில் குரல் கிழியும்.

பாட்டுப் பட்டியல்தான் அடுத்த பெரிய வேலை. கர்நாடக அடித்தளம் உள்ள பிள்ளைகள் ராகம் தோய்ந்த மெலடிகளாகவே பத்துப் பாட்டு வைத்திருப்பார்கள். நிகழ்ச்சிக்கு அது போதாது. கிராமியச் சுற்று, பழைய பாடல் சுற்று, குத்துப்பாட்டுச் சுற்று, பக்திச் சுற்று, ஜோடிச் சுற்று என்று வந்துகொண்டே இருக்கும். வகைக்கு மூன்றாக, பதினைந்து இருபது பாட்டு கையில் இருக்கட்டும். மூன்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: சினிமாப் பாடல்களின் உரிமை வெவ்வேறு ஆடியோ நிறுவனங்களிடம் இருக்கிறது. எந்த நிறுவனத்தோடு சேனலுக்கு ஒப்பந்தம் இருக்கிறதோ அதன் பாடல்களையே மேடையில் பாட முடியும். ஒரு மாதம் உயிரைக் கொடுத்துப் பயின்ற பாட்டை ‘ரைட்ஸ் இல்லை’ என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். வெவ்வேறு காலம், வெவ்வேறு இசையமைப்பாளர், வெவ்வேறு நிறுவனம் என்று பிரித்துத் தயார் செய்தால் அந்த அடி விழாது. வரிகளின் பொருளையும் பாருங்கள். பதினொரு வயதுப் பிள்ளை பாடக்கூடாத பாடல்களைப் பாட வைத்து, ‘என்ன ஃபீல்!’ என்று கைதட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. வயதுக்கு மீறிய, கவர்ச்சியான அசைவுகளோடு குழந்தைகளைக் காட்ட வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே 2019 ஜூனில் தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. அது நடன நிகழ்ச்சிகளை முன்வைத்துச் சொன்னது என்றாலும் பாட்டுக்கும் பொருந்தும். பாட்டை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் மறுங்கள்.

ஸ்ருதி விஷயத்தில் ஒரு நடைமுறை. அந்த வயதுப் பெண் குழந்தைகள் பொதுவாக ஐந்து முதல் ஆறரைக் கட்டைக்குள் சௌகரியமாகப் பாடுவார்கள். ஆண் குரலில் வந்த பாட்டை எடுத்தால் மூலத்தின் கட்டை அவளுக்குப் பொருந்தாது, ஏற்றியோ இறக்கியோ ஆக வேண்டும். கட்டையை ஞாயிறு காலை புத்துணர்வோடு இருக்கும்போது முடிவு செய்யாதீர்கள். பள்ளி விட்டு, வீட்டுப்பாடம் முடித்துக் களைத்திருக்கும் மாலையில், சரணத்தின் உச்ச வரியை அடுத்தடுத்து ஐந்து தடவை பாடச் சொல்லுங்கள். ஐந்தாவது தடவையும் கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தால் அதுதான் கட்டை. வராவிட்டால் அரைக்கட்டை இறக்குங்கள். செட்டில் அவள் பாடப்போவது காலைக் குரலில் அல்ல, களைத்த குரலில். முடிவு செய்த கட்டையை ஒத்திகைக்கு முன்பே இசைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். கீபோர்டில் ஒரு பட்டனில் மாறும், புல்லாங்குழல் கலைஞர் வேறு குழல் எடுக்க வேண்டும், தபலாவையும் மிருதங்கத்தையும் புது ஸ்ருதிக்குச் சேர்க்க வேண்டும். கேமரா ஓடும் நேரத்தில் ‘கொஞ்சம் இறக்கலாமா’ என்றால் ‘அப்படியே பாடும்மா’ என்றுதான் பதில் வரும்.

நாலரை நிமிடப் பாட்டை டிவிக்காக வெட்டுவார்கள். பெரும்பாலும் ஒரு பல்லவி, சுருக்கிய இடையிசை, ஒரு சரணம், முடிவில் ஒரு சங்கதியோ (அதே வரியை வேறு விதமாக அலங்கரித்துப் பாடுவது) கூடுதல் ஆலாபனையோ. மூலப் பாட்டிலேயே ஊறிய பிள்ளை இடையிசை எட்டு பார் (தாளச் சுற்று) வரும் என்று காத்திருக்கும், வாத்தியங்கள் நாலிலேயே முடித்துவிடும். சரணத்தின் முதல் சொல் காணாமல் போவது இப்படித்தான். வெட்டிய டிராக்கைக் கேட்டு வாங்கி, அதை மட்டும் குறைந்தது முப்பது தடவை பாட வையுங்கள். அந்த வாரம் மூலப் பாட்டை வீட்டில் போடவே வேண்டாம்.

இனி படப்பிடிப்பு நாள். வாரத்துக்கு இரண்டு எபிசோடு ஒளிபரப்பானாலும், மேடை, விளக்கு, நடுவர்களின் கால்ஷீட் எல்லாம் செலவு என்பதால் இரண்டு மூன்று எபிசோடுகளைச் சேர்த்து ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். காலையில் வரச் சொல்வார்கள். உடை, மேக்கப், தலையலங்காரம், சவுண்ட் செக். நடுவர்கள் வந்து, தொகுப்பாளர் தொடக்கம் எடுத்து, உங்கள் பிள்ளையின் முறை வரும்போது மாலையாகலாம், இரவும் ஆகலாம். இடையில் கைதட்டுவது, சிரிப்பது, வியப்பது போன்ற ரியாக்ஷன் ஷாட்டுகளைத் தனியாக எடுப்பார்கள். வேறொரு பாட்டுக்கு எடுத்த முகபாவம் உங்கள் மகளின் பாட்டுக்கு நடுவே ஒட்டப்படலாம். அவள் பாடும்போது சக போட்டியாளர் முகம் சுளித்ததாக டிவியில் தெரிந்தால், அந்தப் பிள்ளையை வெறுக்காதீர்கள். அது ஏசி குளிரில் சுளித்ததாக இருக்கும்.

அந்த ஏசிதான் குரலுக்கு முதல் எதிரி. விளக்குகளின் சூட்டைத் தணிக்கத் தளத்தைக் குளிரூட்டி வைப்பார்கள். உலர்ந்த குளிர்காற்றில் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்தால் தொண்டை காய்ந்துவிடும். சால்வை, காலுறை, வெதுவெதுப்பான தண்ணீர் நிரம்பிய ஃபிளாஸ்க் மூன்றும் கட்டாயம். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் கால் மணிக்கு இரண்டு மிடறு. அதிகம் பேசவிடாதீர்கள், கிசுகிசுப்பாகப் பேசுவதும் கனைப்பதும் வேண்டாம், இரண்டும் குரல்நாண்களைச் சிரமப்படுத்தலாம். பிள்ளைகள் பத்துப் பேர் ஒரே அறையில் இருந்தால் அந்தாக்ஷரி தொடங்கிவிடும், பகலெல்லாம் அங்கே பாடித் தீர்த்துவிட்டு இரவில் மேடையில் குரல் போகும். அவள் விளையாடட்டும், பாட வேண்டாம். சாப்பாட்டை செட்டை நம்பி விடாதீர்கள். இட்லி, வாழைப்பழம், வேகவைத்த கடலை என்று கையில் வைத்திருந்து மூன்று மணிக்கொரு தடவை கொஞ்சம் கொடுங்கள். பாடுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு வயிறு நிறையச் சாப்பிடுவதும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம்.

குரல் கம்மிவிட்டால் யாராவது ஒருவர் ‘ஒரு மாத்திரை போட்டா உடனே சரியாகிடும்’ என்று வருவார். வீக்கத்தை மறைக்கும் ஸ்டீராய்டு மருந்தாக அது இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். வெறும் நீராவியும் பேசாமல் இருப்பதும்தான் அன்றைக்குச் செய்யக்கூடியது. கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், ஷூட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆண் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று: பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மகரக்கட்டு, அதாவது குரல் உடைவது, தொடங்கும். ஒரு சீசன் மாதக்கணக்கில் ஓடும். தொடங்கும்போது இருந்த குரல் முடியும்போது இருக்காது. உடைகிற குரலை உச்சஸ்தாயியில் அழுத்திப் பிடிக்க வைப்பது கொடுமை. அடையாளம் தெரிந்தால் அந்த வருடத்தை விட்டுவிடுங்கள், குரல் நிலைத்தபின் பெரியவர்கள் போட்டிக்கு வரட்டும்.

மேடைச் சத்தத்துக்குப் பழக்குவது யாரும் சொல்லித்தராத பாடம். பின்னால் டிரம்ஸ், பக்கத்தில் தவில், எதிரே பார்வையாளர் கைதட்டல். தன் குரல் தனக்கே கேட்காமல் போகும்போது பிள்ளை கத்தத் தொடங்கும், கத்தினால் ஸ்ருதி மேலே ஓடும். காதில் மாட்டும் மானிட்டர் தந்தால், ‘என் குரலும் கீபோர்டும் கூட, டிரம்ஸ் கம்மி’ என்று சவுண்ட் இன்ஜினியரிடம் அவளே தெளிவாகக் கேட்கப் பழகட்டும். வீட்டில் இரண்டு காதிலும் இயர்போன் போட்டுக்கொண்டு டிராக்கோடு பாடிப் பார்க்க வேண்டும், முதல் இரண்டு நாள் விசித்திரமாக இருக்கும். காதில் மாட்டுவது பெரியவர்கள் அளவாக இருந்தால் பாட்டு நடுவே கழன்று விழும்; சிறிய அளவு ரப்பர் இருக்கிறதா என்று ஒத்திகையிலேயே கேளுங்கள். காலர் மைக்கின் பெட்டி இடுப்பில் தொங்கும், உடையில் அதைத் தாங்கப் பட்டையோ நாடாவோ வேண்டும். மைக் மாட்டும் முன் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். இன்னொன்று, மைக் மாட்டியபின் பேசுவதெல்லாம் எங்கோ பதிவாகிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ‘அந்தப் பொண்ணவிட நீ நல்லாத்தான் பாடின’ என்று காதோடு சொன்னதுகூட.

டிவியில் கேட்பதும் அரங்கில் கேட்டதும் ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனி டிராக்கில் பதிவாகிப் பிறகு மிக்ஸிங் ஆகும், பிசிறுகள் சரிசெய்யப்படுவதும் உண்டு. ஆகவே டிவியில் கேட்கும் மற்றப் பிள்ளைகளோடு வீட்டில் பாடும் உங்கள் மகளை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். அந்தச் சுத்தம் தொண்டையில் மட்டும் பிறந்ததல்ல.

பாட்டுக்கு அடுத்து நிகழ்ச்சிக்குத் தேவைப்படுவது கதை. மேடையேறும் முன் ஓடும் ஓரிரு நிமிடப் படத்தை அங்கே ‘ஏவி’ என்பார்கள். அதற்காக உங்கள் ஊருக்கு, வீட்டுக்கு வருவார்கள். அப்பா என்ன வேலை, கடன் இருக்கிறதா, பாட்டிக்கு என்ன நோய், பாட்டு வகுப்புக்கு எதை அடகு வைத்தீர்கள் என்று அன்பாகவே கேட்பார்கள். கேட்கிற இளைஞர்கள் கெட்டவர்கள் அல்ல. கண்ணீர் வரும் காட்சியைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்கு முந்தைய இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, எதையெல்லாம் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்யுங்கள். நோய், கடன், கணவன் மனைவி சண்டை, பிரிவு இவை வேண்டாம். இன்று எபிசோடு முடிந்தாலும் அந்தத் துண்டு யூடியூபில் இருக்கும், நாளை வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருக்கும் பிள்ளை பார்க்கும், பத்து வருடம் கழித்து அவளே பார்ப்பாள். தாத்தா சொல்லிக்கொடுத்த பாட்டு, பள்ளி ஆண்டுவிழா, பாட்டு டீச்சர், தெருக்கோயில் திருவிழா என்று நீங்களே நல்ல கதையை எடுத்துக் கொடுத்தால் அவர்கள் அதையும் எடுப்பார்கள். கதை இல்லாமல் இருந்தால்தான் தோண்டுவார்கள்.

ஒப்பந்தத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். செட்டில் வைத்து, உடை மாற்றும் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. கையெழுத்து உங்களுடையது, அதில் உள்ள அபராதமும் உங்கள் தலையில். பார்க்க வேண்டியவை: எத்தனை மாதம் வேறு சேனலில் பாடக் கூடாது, நிகழ்ச்சி முடிந்தபின் மேடைக் கச்சேரி வருமானத்தில் பங்கு கேட்கிறார்களா, நடுவில் விலகினால் என்ன தண்டம், முடிவை முன்கூட்டி வெளியில் சொன்னால் என்ன தண்டம், பயணமும் தங்குமிடமும் பேட்டாவும் (தினப்படி) யார் பொறுப்பு, உடன் எத்தனை பேர் வரலாம். மாற்றக் கேட்டால் மாற்ற மாட்டார்கள் என்று பலர் கேட்பதே இல்லை. விலகல் தண்டத்தில் ‘உடல்நலம், தேர்வு காரணமாக விலகினால் பொருந்தாது’ என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் உங்கள் மகள் பக்கம் தெளிவாக இருக்கிறது, ஆனால் அது பெற்றோருக்கே தெரிவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017இல் வந்த திருத்தம் பதினான்கு வயது நிறையாத கலைஞர்களுக்காகவே சில வரம்புகளை வைத்திருக்கிறது. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற்றிருக்க வேண்டும், அதில் பெற்றோர் சம்மதமும் பிள்ளைகளின் பட்டியலும் இருக்க வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் வேண்டும். படிப்பு தடைப்படாமல் பார்க்க வேண்டும். குழந்தை ஈட்டும் பணத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவள் பெயரில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். விருப்பத்துக்கு மாறாக அவளைப் பங்கேற்க வைக்கக் கூடாது. ஆட்சியர் அனுமதியின் நகலைக் கேளுங்கள், உங்கள் பிள்ளைக்கான பொறுப்பாளர் யார் என்று பெயரோடு கேளுங்கள். இரவு நீண்டுகொண்டே போனால் ‘அவள் முறையை முன்னால் எடுங்கள்’ என்று சொல்ல இந்த விதியே உங்களுக்குப் பிடிமானம். சத்தம் போட வேண்டாம், தயாரிப்பு மேலாளரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள். விதி தெரிந்த பெற்றோர் என்று புரிந்தால் வரிசையை மாற்றுவார்கள். எல்லை மீறினால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

பள்ளி விஷயத்தில் சுருக்கமாக: தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி, தேர்வு அட்டவணையின் நகல் தயாரிப்புக் குழுவுக்கு. பத்து, பன்னிரண்டாம் வகுப்பில் சேராதீர்கள். சிபிஎஸ்இ என்றால் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகையும் கட்டாயம்.

எலிமினேஷன் நாள்தான் மனதுக்குக் கடினம். பாடி முடித்ததும் முடிவு சொல்லமாட்டார்கள். நிற்க வைத்து, இசையைக் கூட்டி, இடைவேளை விட்டு, மறுபடி நிற்க வைப்பார்கள். அழுகிற முகத்துக்கு கேமரா நெருங்கும், அதுவே மறுநாள் புரோமோவாக நாள் முழுக்க ஓடும். அவளிடம் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள்: ஒரே ஒரு பிள்ளையைத் தவிர எல்லோரும் ஏதோ ஒரு நாள் வெளியேறத்தான் போகிறார்கள், அழுகை வந்தால் அழலாம், வெட்கமில்லை. முடிவு அறிவித்ததும் நீங்கள் மேடைக்கு ஓடி அழாதீர்கள். உங்கள் கண்ணீர்தான் அவளுக்கு ‘நான் தவறு செய்துவிட்டேன்’ என்று சொல்லும்.

அதற்குப் பிறகு யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு இடைவெளி வரும். படப்பிடிப்புக்கும் ஒளிபரப்புக்கும் இடையே சில வாரம் இருக்கலாம். அவள் வெளியேறிவிட்டாள், ஆனால் ஊருக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது. தெருவில் ‘ஃபைனல்ஸ் உனக்குத்தான்’ என்பார்கள், பள்ளியில் கைதட்டுவார்கள், அவள் சிரித்துத் தலையாட்ட வேண்டும். பதினொரு வயதுக்கு அது பெரிய பாரம். வீட்டுக்குள் அதைப் பற்றித் தாராளமாகப் பேசவிடுங்கள். பாட்டு டீச்சருக்கு அந்த இடைவெளியில் பிள்ளை ஏன் சோர்ந்திருக்கிறாள் என்று புரிய, எதையும் வெளிப்படுத்தாமல் ‘கொஞ்ச நாள் மெதுவாகப் போகட்டும்’ என்றாவது சொல்லி வையுங்கள். ஒளிபரப்பாகும் நாளில் கமென்ட் பகுதியை அவள் படிக்கக் கூடாது. நிறம், உடல், சாதி, ஊர் என்று எதையும் விடமாட்டார்கள். அவள் பெயரில் கணக்கு இருந்தால் அது உங்கள் போனில் மட்டும் இருக்கட்டும்.

வாக்குக்காகக் கடன் வாங்காதீர்கள். ஃபிளெக்ஸ் பேனர், வாட்ஸ்அப் குழு, ஆள் வைத்து ஓட்டுப் போடுவது என்று உறவினர்கள் உற்சாகத்தில் கிளம்புவார்கள். வாக்குக்கு எத்தனை பங்கு, நடுவர் மதிப்பெண்ணுக்கு எத்தனை பங்கு என்பதை நிகழ்ச்சிக் குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரிந்தவர்களிடம் ஒரு தடவை சொன்னால் போதும்.

ஜெயித்தால் வரும் பரிசுக்கு வரி உண்டு, அதுவும் சாதாரண வரி அல்ல. டிவி போட்டிப் பரிசுக்கு 30 சதவீதம் நேர் வரி, மேலே அந்த வரித் தொகையில் 4 சதவீத செஸ். அடிப்படை விலக்கு, செலவுக் கழிவு எதுவும் கிடையாது. 10 லட்சம் ரொக்கம் என்றால் 3 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு 7 லட்சம்தான் தருவார்கள், கணக்குத் தாக்கலில் செஸ்ஸாக மேலும் 12,000 கட்ட வேண்டும். வீடாகவோ காராகவோ கொடுத்தால் பிடிக்க ரொக்கம் இல்லை, ஆகவே ஒப்படைக்கும் முன் வரி கட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். 60 லட்சம் மதிப்புள்ள வீடு என்று வைத்துக்கொண்டால் 18 லட்சம் முன்கூட்டியே, 50 லட்சத்தைத் தாண்டுவதால் வரித் தொகையின் மேல் 10 சதவீத சர்சார்ஜும் (கூடுதல் வரி) செஸ்ஸும் சேர்த்து மொத்தம் சுமார் 20.6 லட்சம். இதையும் பத்திரப்பதிவுச் செலவையும் யார் கட்டுவது என்று ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள், இறுதிச் சுற்று மேடையில் யாரும் சொல்லமாட்டார்கள். பிள்ளை தன் திறமையால் ஈட்டியது பெற்றோர் வருமானத்தோடு சேராது, அவள் பெயரிலேயே பான் அட்டை எடுத்துக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

முடிந்தபின் முதல் சில மாதம் அழைப்புகள் வரும்: கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா, சிங்கப்பூர் மலேசியா மேடைகள். திறந்தவெளி மேடையில் இரவு பத்து மணிக்கு மேல் பனியில் பாடுவது பிஞ்சுக் குரலுக்கு ஆகாது. மாதம் இரண்டுக்கு மேல் ஏற்காதீர்கள், மேடையில் நான்கு பாட்டுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள், முன்பணம் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். சினிமாவில் பாடுவது வேறு வித்தை. அங்கே கேட்காத மெட்டை அரை மணியில் பிடித்து, மைக்குக்கு மிக அருகில், மூச்சுச் சத்தம் வராமல், ஒரே வரியைப் பத்து விதமாகப் பாடிக் காட்ட வேண்டும். அதற்கான பயிற்சி ஸ்வரம் எழுதிப் பாடுவதும் புதுப் பாடல்களைப் படித்துப் பாடுவதும்தான். ஆகவே இறுதிச் சுற்று முடிந்த வாரம் குரலுக்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே பழைய பாட்டு டீச்சரிடம் வர்ணத்துக்குத் திரும்பட்டும்.